பத்து யூரோ கத்தி ஏன் வெட்டுகிறது?

பிரான்சின் கிழக்கே ஆல்ப்ஸ் மலைகளை ஒட்டிச் சவ்வா என்றொரு பகுதி. அங்கே கோடரியும் அரிவாளும் அடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒபினெல், 1890-ல், பதினெட்டு வயதில், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்படியான ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். 1897-ல் அதையே 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தார். அவற்றில் எட்டாம் எண்தான் இன்றைக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. எட்டரை சென்டிமீட்டர் அலகு, பீச் மரத்தில் ஒரு பிடி, ஓர் ஆணி, இரண்டு பூண்கள், ஆக மொத்தம் ஐந்தே உறுப்புகள். ஐரோப்பியக் கடைகளில் பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கிறது. அதே கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு விலையுள்ள கத்திகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஓர் ஆப்பிளையோ அட்டைப்பெட்டியையோ அறுத்துக் காட்டச் சொன்னால் அவற்றில் பாதியாவது இந்த மரப்பிடிக் கத்தியிடம் தோற்கும்.

அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள விலை குறைந்த கத்தி ஒன்றைத் தேடுகிறவர், எந்த எஃகு, எந்த நாட்டுத் தயாரிப்பு என்றுதான் முதலில் கேட்கிறார். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: அலகு எவ்வளவு தடிமன்? அதற்கடுத்து, அதைச் சூடேற்றிப் பதப்படுத்தியவர் ஒழுங்காகச் செய்தாரா? எஃகின் பெயர் மூன்றாவதாக வரட்டும்.

கத்தி ஒரு பொருளை அறுக்கும்போது இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. முதலாவது, வாய் எனப்படும் அந்த மெல்லிய விளிம்பு பொருளுக்குள் நுழைவது. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அகலமே இருக்கும். தலைமுடியின் குறுக்களவு 50 முதல் 100 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு நுண்ணியது என்று தெரியும். அரை மைக்ரான் அகலமுள்ள வாய், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பொருளைத் தொடுகிறது. நாம் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் விழும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 20,000 மடங்கு. தக்காளித் தோலோ நைலான் கயிறோ அதைத் தாங்காது.

இரண்டாவது வேலையைத்தான் கத்தி வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாய் நுழைந்த பிறகு அதன் பின்னால் வரும் உலோகம் முழுவதும் அந்தப் பிளவுக்குள் புக வேண்டும். அது ஆப்பு மாதிரி இரு பக்கமும் தள்ளிக்கொண்டுதான் போகும். தடித்த கத்தியால் கேரட்டை நறுக்கிப் பாருங்கள். பாதி வழியில் ‘டக்’ என்ற ஓசையோடு கேரட் தானே பிளந்து ஓடும். அங்கே கத்தி அறுக்கவில்லை. அதன் உடம்பு கேரட்டை நெம்பிப் பிளந்திருக்கிறது, வாய் எதையும் தொடாமல் நடுவெளியில் நிற்கிறது. அட்டைப்பெட்டி அப்படிப் பிளந்து வழிவிடாது. இரு பக்கமும் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கை வலிப்பதுதான் மிச்சம். வாய் சவரக்கத்தி அளவுக்குக் கூராக இருந்தும் கத்தி வெட்ட மறுப்பது இதனால்தான்.

ஒபினெல் எட்டாம் எண்ணின் அலகு, முதுகுப் பக்கத்திலேயே ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அங்கிருந்து மெல்ல மெல்லச் சரிந்து வாயில் முடிகிறது. படைவீரர் சாயலில் கறுப்புப் பூச்சோடு விற்கும் கத்திகள் பலவற்றின் முதுகு 3 முதல் 4 மில்லிமீட்டர். ஏன் அப்படிச் செய்கிறார்கள்? தகட்டின் தடிமன் இரட்டித்தால் அதன் வளையாமை எட்டு மடங்காகும் என்பது பொறியியல் கணக்கு. வாங்குகிறவர்களில் பலர் கத்தியைக் கொண்டு பெயின்ட் டப்பா மூடியை நெம்புவார்கள், ஆணியைப் பிடுங்குவார்கள், அலகு உடைந்ததும் கடைக்காரரிடம் சண்டைக்கு வருவார்கள். தடித்த அலகு அந்தச் சண்டையைத் தவிர்க்க உற்பத்தியாளர் எடுத்துக்கொள்ளும் காப்பீடு. அந்தக் காப்பீட்டுக்கான தவணையைத் தினமும் பழம் நறுக்கும்போது நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அழுத்துவதைவிட இழுத்து அறுப்பது எளிது என்பது கத்தி பிடித்த எல்லோருக்கும் தெரியும். அது ஏன் என்பதை அளந்து பார்த்தவர்களில் ஒருவர் எல். மகாதேவன். சென்னை ஐஐடியில் படித்தவர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் அகர் கூழ்மத்தை மெல்லிய கம்பியால் அறுத்தார்கள். கம்பியை நேராகக் கீழே அழுத்தியபோது தேவைப்பட்ட விசையைவிட, பக்கவாட்டில் இழுத்தபடி அழுத்தியபோது குறைவான விசையிலேயே கூழ்மம் பிளந்தது. நேராக அழுத்தினால் மென்மையான பொருள் மொத்தமும் நசுங்கி, அந்த ஆற்றல் வீணாகிறது. பக்கவாட்டு இழுப்போ பொருளை அதிகம் நசுக்காமல், தொடும் இடத்திலேயே விரிசலைத் தொடங்கி வைக்கிறது. மடக்குக் கத்தி வாங்குகிறவருக்கு இதில் ஒரு சேதி உண்டு. இழுப்பதற்கு நீளம் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் அலகில் கடித உறை கிழிக்கலாம், மாங்காயை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது. ஏழு முதல் எட்டரை சென்டிமீட்டர் வரை இருந்தால் பழமும் கயிறும் அட்டையும் எல்லாம் அடங்கிவிடும். அதற்கு மேல் நீளம் பைக்குப் பாரம், பார்ப்பவருக்குப் பயம்.

கூர்மை எத்தனை நாள் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தித் தொழிலுக்கென்றே ‘காட்ரா’ என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே உருவான கருவி, மணல்துகளின் முக்கியப் பொருளான சிலிக்கா கலந்த அட்டைக் கட்டுகளைக் குறிப்பிட்ட விசையில் கத்தியால் மீண்டும் மீண்டும் அறுத்து, ஒவ்வொரு இழுப்பிலும் எவ்வளவு ஆழம் வெட்டுகிறது என்று எழுதிக்கொள்ளும். அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் இந்தக் கருவியில் பலவகை எஃகுகளைச் சோதித்திருக்கிறார். அவருடைய சோதனைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது எஃகுகளின் தரவரிசை இல்லை. வாயின் கோணத்தைக் குறைத்தால், அதாவது மெல்லியதாகத் தீட்டினால், அதே எஃகு வெகுநேரம் கூடுதலாக வெட்டுகிறது. மலிவான எஃகை மெல்லிய கோணத்தில் தீட்டி, விலையுயர்ந்த எஃகைத் தடித்த கோணத்தில் விட்டால் மலிவானது முந்திவிட வாய்ப்பிருக்கிறது. ஆனால் மெல்லிய வாய் மடங்காமலும், சில்லாகப் பெயர்ந்து பொரியாமலும் நிற்க வேண்டுமே. அங்கேதான் இரண்டாவது கேள்வி, பதம், வந்து நிற்கிறது.

இரும்பை 800 டிகிரி செல்சியசுக்குப் பக்கமாகச் சூடேற்றினால் அதன் அணுக்கள் அடுக்கி நிற்கும் முறை மாறுகிறது. புதிய அடுக்கில் கரிம அணுக்கள் புகுந்துகொள்ள இடம் அதிகம். அந்த நிலையில் எஃகை எண்ணெயில் அமுக்கிச் சட்டென்று குளிர்வித்தால் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும். உள்ளே புகுந்த கரிமத்துக்கோ வெளியேற நேரமிருக்காது. இடுக்கில் மாட்டிய கரிமம் அடுக்கையே ஒரு பக்கமாக நீட்டிவிடுகிறது. மார்டென்சைட் எனப்படும் இந்தக் கட்டமைப்பு மிகக் கடினமானது, கண்ணாடியைப்போல் நொறுங்கவும் கூடியது. அதனால் மறுபடி 200 டிகிரி அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து அதன் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். நம் ஊர்க் கொல்லர் தோய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு, உலையின் நிறத்தைப் பார்த்தே செய்வது இந்த வேலைதான். கத்தியின் குணம் இங்கேதான் தீர்மானமாகிறது. சூடு குறைந்தால் கரிமம் போதிய அளவு கரையாது, அலகு மெத்தென்று இருக்கும். சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் படிகங்கள் பெருத்துப்போய் வாய் பொரியும்.

பதம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் துருப்பிடிக்காத எஃகின் வரலாறே சாட்சி. குரோமியம் கலந்த இரும்பு அமிலத்துக்கு அசையாது என்பதைப் பிரெஞ்சுக்காரர் பியர் பெர்த்தியே 1821-லேயே கண்டு, கத்திகளுக்கு ஆகும் என்று சொல்லியிருந்தார். அதே ஆண்டுகளில் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் எஃகில் பலவித உலோகங்களைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோடார்ட் கத்தி செய்து விற்கும் தொழில்காரர். தென்னிந்தியாவிலிருந்து போன ஊட்ஸ் எஃகின் தரத்தில் மயங்கி, அதன் ரகசியத்தைத் தேடப்போய்த்தான் இருவரும் அந்த ஆய்வில் இறங்கினார்கள். ஆனாலும் கடைக்கு வரும் கத்தியாக அது மாற இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் அரிப்புக்கு மருந்து தேடும்போது, 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கரிமமும் கொண்ட எஃகை வார்த்தார். அது துருப்பிடிக்கவில்லை. கத்திக்கு ஆகும் என்று அவர் அவ்வூர்ப் பட்டறைக்காரர்களிடம் கொடுத்தார். செய்து பார்த்தவர்கள் இது கூர் நிற்காத எஃகு என்று கைவிரித்துவிட்டார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை ஊரே கேலி செய்தது.

எஃகில் தவறில்லை. பட்டறைக்காரர்கள் தங்களுக்குப் பழகிய கரிம எஃகின் சூட்டிலேயே அதைப் பதப்படுத்தியிருந்தார்கள். குரோமியம் கரிமத்தைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும் உலோகம். அந்தப் பிடி விட்டுக் கரிமம் கரைய 1000 டிகிரிக்கு மேல் போக வேண்டும். 1914-ல் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிலக மேலாளர் சூட்டை மாற்றிப் பார்த்தபோதுதான் அதே எஃகு வெட்டத் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் மலிவுக் கத்திகளின் கதை பெரிதாக மாறவில்லை. நல்ல எஃகை வாங்கி, உலையில் நேரத்தையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடித்து, அரைகுறைப் பதத்தில் வெளியே தள்ளும் பட்டறைகள் இன்றும் உண்டு. பெயர் மட்டும் அலகில் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

பதத்தின் விளைவை அளக்க ராக்வெல் எண் இருக்கிறது. கூம்பு வடிவ வைர முனையை 150 கிலோ சுமையோடு எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குறைவாக இறங்கினால் எண் கூடும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் தன் பெரிய அலகுகளை 56-ல் வைக்கிறது. ஒபினெல் 57, 58 அளவில் இருக்கும். பெயரில்லாத சந்தைக் கத்திகள் 52-க்கும் கீழே கிடக்கும், அவற்றின் வாய் இரண்டு அட்டைப்பெட்டியிலேயே ஒரு பக்கமாக மடங்கிக்கொள்ளும். விக்டோரினாக்சின் 56 பெருமைப்படும் எண் இல்லை என்று கத்திப் பிரியர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது. அலகு மெல்லியது, எந்தக் கல்லிலும் ஐந்து நிமிடத்தில் கூராகும், அவசரத்துக்கு நெம்பினாலும் உடைவதற்குமுன் வளையும். 1891-ல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்த கார்ல் எல்செனரின் தொழில், படித்தவர் படிக்காதவர் எல்லோர் கைக்கும் போகப்போகும் பொருளுக்கு எது வேண்டும் என்று அறிந்து வைத்திருக்கிறது.

கடினத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, எஃகின் உள்ளமைப்பு எவ்வளவு சீராக இருக்கிறது என்பது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜெம் தாசான் குழுவினர் 2020-ல் ஒரு வேடிக்கையான கேள்விக்கு விடை தேடினார்கள். முடி, சவர பிளேடின் எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. பிறகு எப்படி அது பிளேடை மழுக்குகிறது? நுண்ணோக்கிக்குள்ளேயே சிறு கருவி வைத்துச் சவரம் செய்து பார்த்தார்கள். வாய் மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் கண்டது பொரிவுகளை. முடி சாய்ந்து வளையும்போது, அதன் ஓரம் வாயில் படும் இடத்தில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாமலிருந்து, ஏற்கெனவே ஒரு நுண்விரிசலும் இருந்துவிட்டால், அந்தத் துணுக்கு பெயர்ந்து போகிறது. மெல்லிய வாய்க்கு நுண்ணிய, சீரான எஃகு வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. ஒபினெலின் துருப்பிடிக்காத அலகுக்குப் பயன்படும் சுவீடன் நாட்டு 12சி27 வகை எஃகு, சவர பிளேடு எஃகின் உறவுக்காரன்தான்.

எஃகின் பெயர்களைப் பற்றிச் சீக்கிரமாகவே சொல்லி முடித்துவிடலாம். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’, ‘ஸ்டெயின்லெஸ்’, ‘ஜப்பான் ஸ்டீல்’ என்று மட்டும் பொறித்திருந்தால் எதுவும் பொறிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சீன எஃகுகளின் பெயரில் சமையல் குறிப்பே இருக்கிறது: 8சிஆர்13எம்ஓவி என்றால் சுமார் 0.8 சதவீதம் கரிமம், 13 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும். நல்ல பட்டறையின் கையில் இது விலைக்கு மீறியே உழைக்கும். 3சிஆர்13 என்றால் கரிமம் 0.3 சதவீதம்தான், இன்றைய மடக்குக் கத்திக்குப் போதாது. டி2 என்பது 1.5 சதவீதம் கரிமம் உள்ள பழைய அச்சு எஃகு. கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் உள்ளே கார்பைடு எனப்படும் பருத்த கரிமச் சேர்மத் துணுக்குகள் இருப்பதால் மிக மெல்லிய வாய்க்கு ஒத்துவராது, ஈரத்தில் புள்ளிப் புள்ளியாகத் துருவும் ஏறும். குறைந்த விலைக் கத்திகளில் 14சி28என் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். அதில் கரிமத்தின் ஒரு பங்கை நைட்ரஜனுக்குக் கொடுத்திருக்கிறார்கள், நுண்மையும் துரு எதிர்ப்பும் சேர்ந்து வந்திருக்கின்றன.

ஒரு கத்தியின் அலகில் இருக்கும் எஃகு ஏறத்தாழ 20 கிராம். அது எவ்வளவு உயர்ந்த எஃகாக இருந்தாலும் அதன் விலை கத்தியின் மொத்த விலையில் சிறு பகுதிதான். விலையுயர்ந்த கத்திகளில் மீதிப் பணம் டைட்டானியப் பிடிக்கும், ஒரு விரல் சுண்டலில் திறக்க வைக்கும் பீங்கான் குண்டு பேரிங்குக்கும், முடியளவு இடைவெளியும் இல்லாமல் பொருத்திய பூட்டுக்கும் போகிறது. வனேடியம் மிகுந்த பொடி உலோக எஃகுகளின் கார்பைடுகள் சாதாரணச் சாணைப் பொருளான அலுமினியம் ஆக்சைடையே தோற்கடிக்கும் கடினம் உள்ளவை. தொழிற்சாலையில் அவற்றைத் தீட்டவே செலவு, வீட்டிலும் வைரக் கல் வாங்கினால்தான் ஆயிற்று. அந்தக் கத்திகள் அழகான பொருள்கள், சந்தேகமில்லை. மாங்காய்க்கு அவை தேவையில்லை.

கரிம எஃகா, துருப்பிடிக்காததா என்பதில் நான் ஊரைப் பார்த்துத்தான் சொல்வேன். ஒபினெல் இரண்டு வகையிலும் வருகிறது. 0.9 சதவீதம் கரிமமுள்ள அலகு கல்லில் வெண்ணெய்போல் இணங்கும். ஆனால் அதில் குரோமியக் காப்பு இல்லை. துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் அது தானே மறுபடி மூடிக்கொள்ளும். கரிம எஃகின் மேல் வருவது அப்படி ஒட்டி நிற்காத துரு. நெல்லிக்காய், வாழைப்பூ, வாழைக்காய் நறுக்கினால் அவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து அலகையும் காயையும் கறுக்கச் செய்யும். அலகின் மேல் அந்தக் கறுப்பு ஓரளவு காப்புத்தான், காய்க்குத்தான் அழகு கெடும். கோயம்புத்தூரில் இருப்பவர் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவரானால் கரிம எஃகை ஆசையோடு வாங்கலாம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்றில் வியர்த்த சட்டைப்பைக்குள் வைத்திருக்கப்போகிறவருக்குத் துருப்பிடிக்காததுதான். மழைக்காலத்தில் பீச் மரப் பிடி ஈரம் குடித்து ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடியின் வால்பகுதியை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே தலைகாட்டும். சவ்வாக்காரர்களின் கைவித்தை அது. வாங்கியதும் ஆளிவிதை எண்ணெய் பூசி உலரவிட்டால் தொல்லை குறையும்.

பூட்டு வேண்டுமா? கத்தி அறுக்கும்போது மடங்கப் பார்ப்பதில்லை. குத்தும்போதும் அலகு எங்காவது மாட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கும்போதும்தான் அது விரல் மேல் மூடும். 1955-ல் ஒபினெல் குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் இதற்குக் கண்ட வழி, பிடியின் கழுத்தில் சுழலும் ஒரு பூண். திருப்பினால் அதன் பிளவு நகர்ந்து அலகின் வழியை அடைத்துவிடும். 2000 வாக்கில், மூடிய நிலையிலும் அலகைப் பூட்டும்படி அதை மாற்றினார்கள். ஸ்பிரிங் இல்லை, தேய்ந்துபோகும் நுண்பாகம் இல்லை. இந்த விலைக்கு இதைவிட நம்பகமான பூட்டை நான் பார்த்ததில்லை. மலிவுக் கத்திகளில் அதிகம் காணும், உட்பட்டை பக்கவாட்டில் தாவி அலகைத் தாங்கும் பூட்டு, ஒழுங்காகப் பொருத்தாவிட்டால் ஆபத்து. கடையிலேயே கத்தியைத் திறந்து, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை உள்ளங்கையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோநோகாமி மடக்குக் கத்தியில் பூட்டே கிடையாது. அலகின் வாலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருப்பதே பூட்டு. ஒரு தலைமுறை ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் பென்சில் சீவினார்கள்.

பூட்டுக்கு இன்னொரு பக்கம் உண்டு, சட்டம். லண்டனில் இருக்கும் உறவினருக்கு ஒபினெல் எட்டாம் எண்ணைப் பரிசாக அனுப்பி அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். பிரிட்டனின் 1988-ம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடியது வெட்டுவாய் மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி மட்டும். பூட்டிக்கொள்ளும் கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று 1993-ல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒபினெலில் ஐந்தாம் எண்ணும் அதற்குக் கீழே உள்ளவையும் பூண் இல்லாமல் வருகின்றன, அங்கே அவை போதும். இந்தியாவில் ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. பழக்கத்தி அந்த அளவுகளை நெருங்கவே நெருங்காது. ஆனால் பொத்தானை அழுத்தினால் தெறித்துத் திறக்கும் கத்தியை விலை மலிவென்று வாங்கி வராதீர்கள். டெல்லி போன்ற இடங்களில் அதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, காவலர் கண்ணுக்கு அது பழக்கத்தியாகவும் தெரியாது. இந்தியாவில் விமானம் ஏறும்போது எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது, சரக்கில் போடும் பெட்டிக்குள்தான்.

வாங்கும் பணத்தில் ஒரு பங்கைத் தீட்டுகல்லுக்கு ஒதுக்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நயமாகவும் உள்ள சாதாரணக் கல்லே போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுக்கலாம், இந்த மெல்லிய அலகைக் கொடுக்க வேண்டாம். அவர் கைத்திறனில் குறை இல்லை. உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது வாயின் ஓரம் நொடியில் 200 டிகிரியைத் தாண்டிவிடும், தொழிற்சாலையில் வைத்த பதம் அங்கேயே இறங்கிப்போகும். அலகின் ஓரத்தில் நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். கல்லில் நீர் விட்டுக் கையால் தீட்டினால் அந்தக் கவலையே இல்லை. அலகின் அகலம் 18 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதுகைக் கல்லிலிருந்து நாலரை மில்லிமீட்டர் அளவு தூக்கிப் பிடித்தால் பக்கத்துக்கு 15 டிகிரி கோணம் கிடைக்கும். பழத்துக்கும் அட்டைக்கும் அது சரி.

ஒரு பக்கம் போதுமான அளவு தீட்டியதும் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். மறுபக்கம் தீட்டி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி இழுத்தால், நன்றாகப் பதமேறிய எஃகில் அது நாலைந்து இழுப்பில் உதிர்ந்துவிடும். அரைகுறைப் பதத்தில் விட்ட மெத்தென்ற எஃகில் உதிராது. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் சாயும். ராக்வெல் கருவி நம் வீட்டில் இல்லை, ஆனால் இந்தப் பிசிறு இருக்கிறது. புதுக் கத்தியை முதல் முறை தீட்டும்போதே பிசிறு இப்படி அடம்பிடித்தால், தொழிற்சாலைச் சக்கரத்தில் சூடான ஓரத்தை எடுக்க இன்னும் இரண்டு மூன்று முறை தீட்டிப் பார்க்கலாம். அப்போதும் உதிராவிட்டால், அலகில் எந்த எஃகின் பெயர் பொறித்திருந்தாலும் அதைப் பார்சல் பிரிக்க விட்டுவிட்டு, அடுத்த கத்தியை வேறு பட்டறையில் வாங்குங்கள்.